இஞ்சினுக்கு வேர்க்கக் கூடாது

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னதும் வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவன் பெட்டியில் என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தைலம், சாக்லெட், டார்ச் லைட், பெட்ஷீட். என் பெட்டியிலும் பெட்ஷீட் இருந்தது. அதற்குள் கைக்குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றி ஒரு அலுமினிய ரேடியேட்டர் இருந்தது.

"இது என்னங்க?"

"ரேடியேட்டர் சார். காருக்கு."

"கார் எங்க?"

"கார் எனக்கு இல்ல சார். அத்தை மகனுக்கு. அரும்பாவூர்ல இருக்கான்."

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எங்கும் தங்கம் இல்லை. "நானும் எத்தனையோ பாத்திருக்கேன். ரேடியேட்டர் கொண்டாந்த மொத ஆளு நீங்கதான்" என்று என்னை அனுப்பினார். பாராட்டினாரா, பரிதாபப்பட்டாரா என்று தெரியவில்லை.

சிங்கப்பூரில் நான் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறேன். அந்த ஊரில் கார்களுக்கு அற்பாயுசு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காலம் முடிந்தது என்று உடைக்கக் கொண்டுபோய்விடுவார்கள். நம் ஊரில் நேர் எதிர். உடைக்க வேண்டிய காரைத்தான் ஓட்டுவோம். நன்றாக ஓடுகிற கார் கையில் கிடைத்தால் அதைப் பிரித்துப் போடுவோம். என் அத்தை மகன் பாஸ்கர் இரண்டாவது ரகம்.

பெரம்பலூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, கார் ஆகிவிட்டது. வாங்கும்போது அது நாலு பேர் உட்கார்ந்து ஏசி போட்டுக்கொண்டு போகக்கூடிய சாதாரணக் கார். இவன் அதில் வேகம் கூட டர்போ மாட்டினான். டர்போ காற்றைச் சூடாக்கித் தள்ளும் என்பதால் அந்தக் காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர் என்று ஒரு பெட்டியை முன்னால் வைத்தான். அந்தப் பெட்டி ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழியை அடைத்துக்கொண்டது. அதற்கும் முன்னால் அழகுக்கு இரண்டு பெரிய விளக்கும் ஒரு கறுப்பு வலையும். ஆக, குளிர்ச்சிக்காக வைத்த பெட்டியால் இஞ்சின் கொதித்தது. வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியும் வைத்திருந்ததால் பெரம்பலூர் மாவட்டத்து வேகத்தடைகள் ஒவ்வொன்றும் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துத்தான் விட்டன.

அவன் எனக்குப் போன் செய்தபோது, "மச்சான், என் கல்யாணமே உன் கையிலதான் இருக்கு" என்றான். தங்கச் செயின் கேட்பான் என்று பயந்தேன். ரேடியேட்டர் கேட்டான்.

விஷயம் இதுதான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஓட்டும் டிப்பர் லாரிகள் வைத்திருக்கும் ராமலிங்கம் என்பவரின் மகள் கயல்விழி. அப்பாவின் லாரி ஆபீஸை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாமா வெளிநாட்டு வேலையில் இருப்பதால், அவளைப் பெண் பார்க்க இவன் தன் காரில் அம்மாவோடு போனான். ஊருக்கு வெளியிலேயே கார் கொதித்து நின்றுவிட்டது. அந்த வழியே வந்த டிப்பர் ஒன்று இவர்களை ஏற்றிக்கொண்டது. டிப்பர் யாருடையது என்று சொல்ல வேண்டுமா? டிரைவர் வாசலில் நிறுத்தி, "மொதலாளி, லோடு வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாராம்.

அப்படியும் பெண்ணுக்கு இவனைப் பிடித்துவிட்டது. ராமலிங்கம் தன்மையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். "எங்களுக்குச் சம்மதந்தாங்க. ஆனா நிச்சயத்துக்கு வர்றப்ப வண்டி வழியில நின்னுச்சுன்னா எங்க பக்கத்துப் பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. சகுனம் பாக்கறவங்க. ஒரு வேன் புடிச்சு வந்துடுங்க தம்பி."

வேன் பிடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. "வந்தா என் கார்லதான் வருவேன்" என்று பாஸ்கர் சொல்லிவிட்டான். கத்திரி வெயிலில் நாள் குறித்தார்கள்.

பெரம்பலூர் பஸ்ஸில் ரேடியேட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் அதை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குட்டின்னா என்ன டிக்கெட்டுன்னு தெரியும். இதுக்கு என்னங்க போடறது?" என்றார். பக்கத்து சீட்டில் வெங்காய மூட்டையோடு இருந்தவர், "வூட்டு ஜன்னலாங்க?" என்று கேட்டார். இல்லை, காரைக் குளிரவைக்கிற சாமான் என்றேன். அவர் தன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல இந்த பஸ்ஸுல மாட்டச் சொல்லுங்க" என்றார். சிங்கப்பூர் பஸ்ஸில் குளிருக்குச் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு போவேன், பக்கத்தில் இருப்பவர் பேச மாட்டார். இங்கே வேர்வையும் பேச்சும் சேர்ந்தே வந்தன. எது தேவலை என்று பெரம்பலூர் வரை யோசித்தும் முடிவுக்கு வர முடியவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் பரோட்டா சாப்பிட்டேன். சால்னா கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. கல்லாவில் இருந்தவரிடம் அரியலூர் இப்போது எந்த மாவட்டம் என்று கேட்டேன், நான் போன தடவை, இரண்டாயிரத்து ஒன்றில், வந்தபோது அதைத் தனியாகப் பிரித்திருந்தார்கள். "திருப்பி நம்மளோட சேத்துட்டாங்க சார். எத்தினி நாளைக்கோ" என்றார். பிரிப்பதும் மாட்டுவதும் பாஸ்கருக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல என்று தெரிந்துகொண்டேன்.

அரும்பாவூரில் அத்தை வாசலுக்கு ஓடி வந்து, "வாடா சங்கரு, என்னடா இப்படி இளைச்சிட்ட" என்றார். எந்தக் காலத்திலும் நான் இளைத்ததில்லை. கம்பங்கூழும் மோர்மிளகாயும் வந்தன. ஒரு சொம்பு குடித்ததும் உச்சி வரை குளிர்ந்தது. மனித உடம்பைக் குளிரவைக்க இந்தக் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும்.

"இந்தத் தடவையாவது கூடி வரணும்டா" என்றார் அத்தை, தணிந்த குரலில். "வந்த எடமெல்லாம் தட்டிப் போச்சு. இந்தப் பொண்ணு என்கிட்ட எவ்வளவு பிரியமா பேசுனா தெரியுமா? லாரியில வந்து எறங்குன என் கையப் புடிச்சு கூட்டிட்டுப் போனா. அவ நம்ம வூட்டுக்கு வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." சொல்லும்போதே அத்தைக்குக் கண் கலங்கியது, எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரேடியேட்டரை வெறும் சாமான் என்று நினைத்துக்கொண்டு வந்தவன், அதைச் சுவரில் சாய்க்காமல் கட்டிலில் படுக்க வைத்தேன்.

மறுநாள் பட்டறை. மெக்கானிக் பாபு எதற்கும் அசராதவர், ஏனென்றால் எதையும் படித்துப் பார்க்காதவர். சுவரில் ஒரு ஆணியில் தெர்மோஸ்டாட்டுகளை வடைமாலைபோலக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். இஞ்சினில் தண்ணீர் எப்போது ரேடியேட்டருக்குப் போக வேண்டும் என்று பார்த்துத் திறந்துவிடும் சின்ன வால்வுதான் தெர்மோஸ்டாட். "அதெல்லாம் பனி பெய்யிற ஊருக்குங்க. நம்மூருக்கு எதுக்கு? வந்த வண்டிக்கெல்லாம் கழட்டிப் போட்டுருவேன்" என்றார். அந்த வண்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். "எல்லாம் இங்கதாங்க வரும்" என்றார் பெருமையாக.

நான் கடல் தாண்டிக் கொண்டுவந்த ரேடியேட்டர் பொருந்தவில்லை. அகலம் கூடுதல். எடுத்துப் போடு என்று சொல்ல பாஸ்கருக்கு மனம் வரவில்லை, ரேடியேட்டரை விட்டுவிட்டுக் காரை வெட்டச் சொன்னான். வெட்டினார்கள். மத்தியானம் வரை பொறி பறந்தது.

பாஸ்கர் கையில் ஒரு கத்தைக் காகிதம் இருந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அமெரிக்காவில் பாலைவனத்தில் கார் ஓட்டுகிறவர்கள் எழுதிக்கொள்கிற யோசனைகளையெல்லாம் பிரின்ட் எடுத்து வைத்திருந்தான். பானெட்டின் பின்பக்கம் வாஷர் கொடுத்துத் தூக்கி வை, சூடு வெளியே போகும் என்று ஒருவன் எழுதியிருந்தான். தூக்கி வைத்தார்கள். ஜன்னலைத் திறந்து ஓட்டாதே, காற்று இழுத்து இஞ்சினுக்குப் பாரம் கூடும் என்று இன்னொருவன். கடைசியில் ஒருவன், எதுவும் பலிக்காவிட்டால் ஹீட்டரை முழுசாகப் போடு, இஞ்சின் சூட்டைக் காருக்குள் இழுத்துவிடும் என்றிருந்தான். அந்த வரியைப் படித்து நானும் பாஸ்கரும் சிரித்தோம். கத்திரியில் ஹீட்டராம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் கார் நின்றது. அத்தை வந்து, "பானெட்டு சரியா மூடல கண்ணு" என்று இரண்டு கையாலும் அழுத்தினார். சூடு போக அப்படி வைத்திருக்கிறது என்று பாஸ்கர் விளக்கினான். சரி என்று தலையாட்டிவிட்டு, அவன் உள்ளே போனதும் அத்தை மறுபடி அழுத்தினார்.

மூன்றாம் நாள் வெள்ளோட்டம். சாமி கும்பிட்டாற்போலவும் ஆச்சு என்று திருமழபாடிக்குக் கிளம்பினோம், நானும் பாஸ்கரும் மட்டும். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். புழுதி வெள்ளையாக எழும்பி, சாலையோரக் கருவேல மரங்களுக்கு மாவு பூசியிருந்தது. கார் கொஞ்ச தூரம் சீறியது. ஒரு டிராக்டரை முந்தியபோது பாஸ்கர் முகத்தில் தெரிந்த ஆனந்தத்தைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. திருமானூருக்கு வந்ததும் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் ஏறியது. தூக்கி வைத்த பானெட் இடுக்கு வழியே ஆவி புஸ்ஸென்று வந்தது. பாலைவனத்தான் சொன்னது சரி, சூடு வெளியேதான் போனது.

நம் ஊரில் கார் பானெட்டைத் திறந்தால் போதும், கூட்டம் சேர்ந்துவிடும். சிங்கப்பூரில் கார் நின்றால் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது, இழுத்துப் போக வண்டி வரும். இங்கே எல்லோரும் டாக்டர். கரும்பு ஏற்றி வந்தவர், "மஞ்சத்தூளு ஒரு கைப்பிடி போடுங்க, ஒழுகினா அடைச்சிக்கும்" என்றார். ஒழுகவில்லை என்றேன். "ஒழுகறதுக்கு முன்னாடியே போட்டா இன்னும் நல்லது" என்றார். டீக்கடை அம்மா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பாஸ்கர் குறுக்கே விழுந்து தடுத்தான்.

"அக்கா, வேணாங்க்கா! இந்தப் பக்கத்துத் தண்ணியெல்லாம் சுண்ணாம்பு. உள்ள படிஞ்சு அடைச்சிரும்."

அந்த அம்மா இடுப்பில் குடத்தோடு அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதத்தான் நாங்க அம்பது வருஷமா குடிக்கிறோம்" என்றார்.

பாஸ்கர் டிக்கியிலிருந்து கடையில் வாங்கிய மினரல் வாட்டர் கேனை எடுத்து, ஆறிய பிறகு பொறுமையாக ஊற்றினான். நாங்கள் இரண்டு பேரும் டீக்கடைப் பானைத் தண்ணீரைக் குடித்தோம்.

கொள்ளிடக்கரையில் சாமி கும்பிட்டுத் திரும்பும்போது முள் மறுபடி ஏறத் தொடங்கியது. பாஸ்கர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பாத்துருவோம் மச்சான்" என்று ஹீட்டரைத் திருகினான். அடுப்புக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. ஆனால் முள் இறங்கியது! என் கண்ணால் பார்த்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு, வீடு வரை நிற்காமல் வந்து சேர்ந்தோம். பாஸ்கர் என்னைக் கட்டிப்பிடித்துக் கொண்டான். இரண்டு பேர் மீதும் வேர்வை ஆறாக ஓடியது, இஞ்சின் மட்டும் ஜில்லென்று இருந்தது.

"நாளைக்கு இதே மாதிரி போயிடலாம் மச்சான்."

"நாளைக்கு அத்தை வருவாங்கடா. பட்டுப்புடவையோட."

"கொஞ்ச தூரந்தானே. அம்மா தாங்கும்."

வேனில் போகட்டுமே என்றேன். மாப்பிள்ளையின் அம்மா மாப்பிள்ளையோடு வந்து இறங்காவிட்டால் நன்றாகவா இருக்கும் என்று அவன் கேட்டான். அத்தையும் அதையேதான் சொன்னார். மகன் கல்யாணத்துக்காக அவர் எரிகிற வீட்டுக்குள்கூட நுழைவார் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நாலாம் நாள் காலையில் சொந்தக்காரர்கள் தட்டுகளோடு வேனில் ஏறினார்கள். காரில் பாஸ்கர், அத்தை, நான். கிளம்பும் நேரத்தில் அத்தை கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டார். "மூணு பேரா போகக் கூடாதுடா. நல்ல காரியம்."

வேனில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இறங்கத் தயாராக இல்லை, எல்லோருக்கும் ஹீட்டர் விவரம் தெரிந்திருந்தது. அத்தை வேலியோரம் கிடந்த உள்ளங்கை அளவுக் கல் ஒன்றைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, துளி மஞ்சள் வைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். நாலாவது ஆள் அது. ஏமாறுகிற தெய்வங்களைத்தான் நாம் கும்பிடுகிறோம் போலிருக்கிறது.

காரின் முன்னால் கட்ட அத்தை சம்பங்கி மாலை ஒன்று வாங்கி வைத்திருந்தார். கட்டி முடித்துப் பொட்டும் வைத்துவிட்டார். பாஸ்கர் வந்து பார்த்துவிட்டு, "காத்துப் போற எடத்துல என்னம்மா இது" என்று அவிழ்த்து அத்தை மடியில் போட்டான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அத்தை அரியலூர் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

முன் சீட்டு மரியாதையான சீட்டு என்பதால் அத்தை அங்கே. ஹீட்டர் காற்று வருவதும் அங்கேதான். பாஸ்கர் ஜன்னல்களை ஏற்றிவிட்டான். இஞ்சினுக்குப் பாரம், தவிர சுண்ணாம்புப் புழுதி பட்டில் படியும் என்றான். ஓட்டுகிறவன் தெளிவாக இருக்க வேண்டும் என்று தன் கழுத்தில் மட்டும் ஈரத்துண்டு. நான் பின்னால்.

கொஞ்ச தூரத்தில் அத்தை நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வரை இறங்கியது. "எப்படிம்மா இருக்கு?" என்றான். "எனக்கு ஒண்ணும் இல்லடா, நீ ரோட்டப் பாரு" என்றார். அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தான். முள் நல்ல பிள்ளையாக நடுவில் நின்றது. "பாத்தியாம்மா, பாத்தியாம்மா" என்றான், பரீட்சையில் மார்க் வாங்கிய பையன் மாதிரி. அத்தை சிரிக்க முயன்றார். மடியில் சம்பங்கி கீரை மாதிரி வதங்கியிருந்தது.

அரியலூர் ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஒன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. வண்டியை நிறுத்தி வைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று கிடையாது, இஞ்சினை அணைத்தால் திரும்பக் கிளம்புமா என்று நம்பிக்கை கிடையாது. பாஸ்கர் ஹீட்டரின் விசிறியைக் கடைசி வரை திருகினான். அத்தை கண்களை மூடிக்கொண்டார்.

"தண்ணி இருந்தா ஒரு வாய் குடுடா."

காலடியில் கேன் இருந்தது. பாஸ்கர் ஒரு கணம் அதைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான். "அது ரேடியேட்டருக்கும்மா. கேட்டத் தாண்டிட்டா பொண்ணு வூடுதான். அங்க குடிச்சுக்கலாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடிக்கக் கை வந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி, கேட்டருகே கூடையோடு நின்ற பெண்ணிடம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்து அத்தை கையில் கொடுத்தேன். வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் காருக்குள்ளிருந்து வந்தவனுக்கு அது மார்கழியாக இருந்தது. "கதவ சாத்து மச்சான், சூடு போயிரப் போவுது" என்றான் பாஸ்கர். பதற்றத்தில் என்ன சொல்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

கேட் திறந்தது. கார் நிற்காமல், புகையாமல், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ராமலிங்கம் வீட்டு வாசலில் போய் நின்றது. சொல்லத்தான் வேண்டும், ராஜா மாதிரி வந்து நின்றது. பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எழுந்து பார்த்தார்கள். பாஸ்கர் இறங்கி பானெட்டைத் தட்டினான். "நிக்காம வந்துட்டோம் மாமா" என்றான். ராமலிங்கம் பானெட் மீது கை வைத்துப் பார்த்து, "பரவாயில்லியே" என்றார். சகுனம் பார்க்கிற பெரியவர்களுக்கும் முகம் மலர்ந்தது.

அந்தப் பக்கம் கதவைத் திறந்து நான் அத்தையை இறக்கினேன். பட்டுப்புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. தலைப்பூ தொங்கிவிட்டது. ஒரு அடி வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். கயல்விழி அலங்காரத்தோடு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவள், சடங்கு எதையும் பார்க்காமல் சொம்போடு ஓடி வந்தாள்.

"என்னங்கத்தை இப்படி நனைஞ்சிருக்கீங்க? கார்ல ஏசி இல்லீங்களா?"

அத்தை சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, மகனுடைய கெட்டிக்காரத்தனத்தை மருமகளாக வரப்போகிறவளிடம் சொல்லும் பெருமையோடு சொன்னார்: "இருக்கு கண்ணு. அது போடக் கூடாதாம். ஹீட்டருதான் போடணும். அப்பத்தான் இஞ்சினு சூடாவாது."

கயல்விழி காருக்கு அருகில் போனாள். திறந்திருந்த கதவுக்குள் கையை நீட்டி சீட்டைத் தொட்டாள். காலடியில் மூடி திறக்காத கேனைப் பார்த்தாள். லாரி ஆபீஸ் பெண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. திரும்பி வந்து அப்பாவுக்கு எதிரில் நின்றாள்.

"எனக்கு வேணாம்ப்பா."

"என்னம்மா சொல்ற? வண்டி நல்லாத்தானே வந்துச்சு?" என்றார் ராமலிங்கம்.

"வண்டி நல்லாத்தான்ப்பா வந்துச்சு. நம்ம டிரைவருங்க இஞ்சின் பக்கத்துலயே ஒக்காந்து ஓட்டுறாங்கன்னு ஒவ்வொரு கேபின்லயும் நீங்க ஃபேன் மாட்டிக் குடுத்திருக்கீங்க. இவரு பெத்த அம்மாவ வேக வச்சு, இஞ்சினக் குளுமையா கொண்டாந்திருக்காரு. நாளைக்கு எனக்கும் அந்த சீட்டுதானேப்பா?"

ஒரு பெரியவர், "சகுனத்துல ஒரு கொறையும் இல்லியே?" என்று யாரையோ கேட்டார்.

"நானேதான் போடச் சொன்னேன் கண்ணு" என்றார் அத்தை. "எனக்கு ஒண்ணும் இல்ல. வயசான ஒடம்பு, கொஞ்சம் வேர்த்துச்சு, அவ்வளவுதான்." கயல்விழி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க அத்தை" என்றாள். பிடித்த கையை விடாமல் அத்தையை மின்விசிறிக்கு அடியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். அத்தை அழுததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பாஸ்கர் வாசலில் நின்றுகொண்டு, "நிக்காம வந்துச்சா இல்லியா? நீங்க கேட்டது அதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நியாயமான கேள்விதான். அவர்கள் கேட்டது அதுதான்.

சமைத்தது வீணாகக் கூடாது என்று ராமலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டு எல்லோரையும் உட்கார வைத்தார். வடை, பாயசம், எல்லாம் இருந்தது. தட்டுகள் பிரிக்காமலே வேனுக்குத் திரும்பின. வேனில் துக்க வீட்டுக்குப் போய் வந்த மாதிரி ஏறி உட்கார்ந்தார்கள். பாஸ்கர் சாப்பிடவில்லை, காருக்குள் உட்கார்ந்திருந்தான்.

அத்தை மெதுவாக நடந்து காருக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். ஏறப் போகிறார் என்று நினைத்தேன். அத்தை தன் பையைத் திறந்து, மஞ்சள் வைத்த அந்தக் கல்லை எடுத்து முன் சீட்டில் வைத்தார். கதவைச் சாத்தினார். "தம்பி, நாம பஸ்ஸுல போயிடலாம்டா" என்றார் என்னிடம்.

பெரம்பலூர் பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. வெயில் இருந்தது, அனல் இருந்தது, இருந்தாலும் அது ஓடுகிற காற்று. அத்தை முந்தானையைத் தளர்த்திவிட்டு முகத்தை ஜன்னலுக்குக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பாஸ்கரின் கார் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனது. ஜன்னல்கள் ஏற்றியிருந்தன. ஹீட்டரைத் தாங்க அம்மா இல்லாததால் ஏசி போட்டிருக்கிறான் என்று புரிந்தது.

பாதி வழியில் புளியமரத்தடியில் அதைப் பார்த்தோம். பானெட் முழுசாகத் திறந்திருந்தது. வெள்ளை ஆவி மரத்தின் கிளை வரை எழும்பிக்கொண்டிருந்தது. பாஸ்கர் கேனைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் வருவதைப் பார்த்துக் கையைக் காட்டினான்.

"நிறுத்தச் சொல்லவா அத்தை?"

அத்தை மகனைப் பார்த்தார். பஸ் தாண்டிப் போய், அவன் சின்னதாகிப் புழுதியில் மறைகிற வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நேராக உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"வேணாம். அதான் தொணைக்கு ஆள் இருக்குல்ல" என்றார்.